முத்துக் குளிக்கிற கப்பல், சங்கு ஊதும் பிசாசு: இது எந்தக் கதை?

முத்துநகரான்:
தலைப்பும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. இங்கிலீஷ் புத்தகம். சித்தப்பா மொட்டைமாடியில் அதைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வார். முத்துக் குளிக்க வந்த கப்பல். நடு ராத்திரி கடலுக்குள்ளிருந்து சங்குச் சத்தம். 'கடல் பிசாசு' என்று எல்லோரும் நடுங்குகிறார்கள். டால்பின் முதுகில் ஒருவன் உட்கார்ந்து வருகிறான்: பெரிய கண்ணாடிக் கண், தவளைக் கை, உடம்பெல்லாம் வெள்ளிச் செதில். ஊர் தூத்துக்குடி, கேட்க வேண்டுமா! அதற்கப்புறம் சாவு வீட்டில் சங்கு ஊதினால்கூடக் கடல் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பேன். என்ன புத்தகம்?

வாசகி_மாம்பலம்:
சுஜாதாவாகத்தான் இருக்கும், அந்த வயதில் வேறு யார்? 'என் இனிய இயந்திரா' விகடனில் வந்தபோது, அக்கா படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே காத்துக் கிடப்பேன். பிள்ளை பெற அரசாங்க அனுமதி, எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. இயந்திர நாய் ஜீனோ புத்தகம் படிக்கும், பாருங்கள், அதுதான். எங்கள் தெருநாய் முன்னால் அம்புலிமாமாவைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பழுப்புப்பக்கம்:
மேடம், அவர் கேட்டது கடல், நீங்கள் சொல்வது நாய். இது அலெக்சாந்தர் பெல்யாயெவ் 1928-இல் எழுதிய ருஷ்ய நாவல், 'நீர்நில மனிதன்' என்று பொருள்படும் தலைப்பு. கதை நடப்பது அர்ஜென்டினாவில். டாக்டர் சால்வடோர் ஒரு குழந்தைக்குச் சுறாவின் செவுள் வைத்துவிடுவார், அவன்தான் இக்தியாண்டர். செதில் அவன் போட்டிருக்கும் உடை, கண்ணும் மாட்டிக்கொள்ளும் கண்ணாடிதான். 1962-இல் படமாகவும் வந்தது. எனக்கு மறக்காதது பீப்பாய். சிறையில் அவனை அழுக்குத் தண்ணீர்ப் பீப்பாயில் போட்டு வைத்திருப்பார்கள். கடலில் திரிந்தவனை! கடைசியில் நுரையீரல் கெட்டுப்போய், இனி தண்ணீரில் மட்டும்தான் வாழ முடியும் என்று ஆகிவிடும்.

வாசகி_மாம்பலம்:
நாய் என்று சும்மா ஒதுக்காதீர்கள். ஜீனோவுக்கு இருந்த கிண்டல் உங்கள் மீன்பையனுக்கு உண்டா?

ரிட்டயர்டு_லைப்ரரியன்:
நானும் பள்ளி நாளில் அந்தப் படம் பார்த்தேன், பாட்டு மட்டும் ஞாபகம். அது கிடக்கட்டும், தேடும் முறையைச் சொல்கிறேன். நினைவில் உள்ள சம்பவத்தை முழுசாக நம்பாதீர்கள், இரண்டு புத்தகம் ஒன்றாகக் கலந்திருக்கும். அட்டை, படங்கள், தாளின் வாசனை, விலை, இவற்றை முதலில் எழுதி வையுங்கள். பெல்யாயெவ் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது, நாலைந்து விதமாகப் போடுங்கள். பழைய மாஸ்கோ பதிப்பு என்றால் அயல்மொழிப் பதிப்பகம் என்று இருக்கும், அறுபதுகளில் அதுவே முன்னேற்றப் பதிப்பகம் ஆனது, இரண்டையும் தேட வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகத்தில் எல்லாம் இருக்கும் என்பார்கள். சட்டப்படி அங்கே கட்டாயம் வந்து சேர்வது இந்தியாவில் வெளியானவைதான், மாஸ்கோ அச்சுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் ஞாயிறு காலை போய்ப் பாருங்கள். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் ஆவலைக் காட்டினால் விலை ஏறிவிடும்.

முத்துநகரான்:
பழுப்புப்பக்கம் சார், அதேதான், இக்தியாண்டர்! பெயரைப் பார்த்ததும் சித்தப்பா குரலே கேட்டது. ஆனால் பீப்பாய் வரை அவர் வரவே இல்லை, நடுவிலேயே வேலை கிடைத்து பம்பாய் போய்விட்டார். முடிவைக் கேட்டேனா சார் நான்?