புதுப்பிப்பு: மணிக்கட்டு லிகமென்ட் ஆபரேஷன், 6 வருடம் கழித்து

பைக்கிலிருந்து விழுந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டிலுள்ள ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு சிறு எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்யலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது, "முஷ்டியை இறுக்கிப் பிடித்து இரண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுங்கள்" என்ற யோசனைதான். சாதாரணப் படத்தில் தெரியாத, அந்த இரண்டு எலும்புகளுக்கிடையிலான இடைவெளி அதில் 3 மி.மீ.-ஐத் தாண்டியிருந்தது. காயம் பழசாகிவிட்டால் நேரடியாகத் தைப்பது கடினமாம். அதனால் சில வாரங்களுக்குள்ளேயே ஆபரேஷனை முடித்தார்கள். இரண்டு மாதம் போல எலும்புகளைப் பிடித்துவைக்கக் கம்பியும் கட்டும்.

இன்று அன்றாட வேலையில் வலி இல்லை. பிடிமானம் பெருமளவு திரும்பிவிட்டது. உள்ளங்கைப் பக்கம் மடக்குவது மட்டும் குறைவு. தண்டால் எடுப்பதை விட்டுவிட்டேன், அதில் பெரிய வருத்தமும் இல்லை.

எதிர்பாராதது: சமீபத்திய எக்ஸ்ரேயில் இடைவெளி மறுபடி கொஞ்சம் விரிந்திருக்கிறது. பதறிப்போய்க் கேட்டால், படத்தில் தெரிவதும் வலியும் பலருக்கு ஒத்துப்போவதில்லை என்றார் டாக்டர். ரேடியஸ் (முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பு) ஓரம் தேய்மானம் வருகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டுமாம்.

டார்ட் எறிவதுபோல மணிக்கட்டைச் சாய்வாக அசைக்கும் பயிற்சியும் உதவியது; அதில் அந்த இரண்டு எலும்புகளுக்கிடையே அசைவு குறைவு. கட்டுப் பிரித்தபின் பிசியோ சொன்னால் மட்டும் தொடங்குங்கள்.