வீலேன் 10-இலிருந்து 20-க்குப் பிங் போகவில்லை. வேலை அனுபவம் இல்லாமல் சிசிஎன்ஏ எழுதலாமா?

கேள்வி

வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு விருதுநகரில் ஒரு கூரியர் அலுவலகத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். நெட்வொர்க் துறைக்குப் போக வேண்டும் என்று ஆசை. நாலு மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏ 200-301-க்குப் படிக்கிறேன். நிஜ ரவுட்டரைத் தொட்டதே இல்லை, எல்லாம் பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில்தான்.

நேற்று போட்ட லேப்: ஒரு சிஸ்கோ 2960 சுவிட்ச், ஒரு ரவுட்டர், இரண்டு வீலேன் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்). ரவுட்டரில் இரண்டு சப்-இன்டர்ஃபேஸ் (ஒரே போர்ட்டை வீலேனுக்கு ஒன்றாகப் பிரிப்பது) உருவாக்கி 192.168.10.1, 192.168.20.1 என்று முகவரி கொடுத்தேன். வீலேன் 10-க்குள் இருக்கும் கணினிகள் ஒன்றுக்கொன்று பிங் (இணைப்புச் சோதனை) ஆகின்றன. ஆனால் வெளியே போகும் வழியான கேட்வேக்கே (ரவுட்டரின் முகவரி) பிங் போகவில்லை. அப்புறம் எங்கே வீலேன் 20-க்குப் போவது? மூன்று மணி நேரம் உட்கார்ந்தும் பிடிபடவில்லை.

இன்னொன்று. போன மாதம் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். "அனுபவம் இல்லாதவங்களுக்கு இது புரியாது, டம்ப்ஸ் தர்றோம், மனப்பாடம் பண்ணிப் பாஸ் பண்ணிடுங்க" என்றார்கள். (டம்ப்ஸ் என்றால் தேர்வில் வந்த கேள்வி-பதில்களின் திருட்டுத் தொகுப்பு.) அன்றிலிருந்து மனசே சரியில்லை. நான் படிப்பது வீண்தானா?

பதில் 1

தம்பி, முதலில் லேப்பைப் பார்ப்போம். சுவிட்சில் 'ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்' கொடுங்கள் (டிரங்க் என்றால் பல வீலேனையும் சுமக்கும் இணைப்பு). ஒன்றுமே வராது என்று நினைக்கிறேன். 2960-இல் போர்ட் இயல்பாக டைனமிக் ஆட்டோவில் இருக்கும். எதிர்முனை டிடிபி (டிரங்க் வேண்டுமா என்று பேசி முடிவு செய்யும் சிஸ்கோ நெறிமுறை) பேசினால்தான் அது டிரங்காக மாறும். ரவுட்டருக்கு டிடிபி தெரியாது. அதனால் அந்தப் போர்ட் வீலேன் 1-இல் சாதாரண ஆக்சஸ் (ஒரே வீலேனுக்கான) போர்ட்டாகவே கிடக்கும், கணினி அனுப்புவது ரவுட்டர் வரை போகவே போகாது. ரவுட்டரை நோக்கிய போர்ட்டில் 'சுவிட்ச்போர்ட் மோட் டிரங்க்' என்று நாமே சொல்லிவிட வேண்டும்.

ரவுட்டரில் மெயின் இன்டர்ஃபேசுக்கு 'நோ ஷட்டவுன்' (இயக்கிவிடும் கட்டளை) கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். சப்-இன்டர்ஃபேசில் மட்டும் கொடுத்துவிட்டு இதை மறப்பவர்கள் நிறையப் பேர்.

கேட்டவர்

அண்ணா, அப்படியே இருந்தது! பட்டியல் காலி. டிரங்க் போட்டதும் வீலேன் 10-இலிருந்து கேட்வேக்குப் பிங் போகிறது. வீலேன் 20 கணினியும் தன் கேட்வே 20.1-க்குப் போகிறது. ஆனால் வீலேன் 10 கணினியான 10.10-இலிருந்து வீலேன் 20 கணினியான 20.10-க்கு மட்டும் இன்னும் டைம் அவுட்.

பதில் 1

இதற்கு நான் விடை சொல்லப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாக்கெட் டிரேசரில் சிமுலேஷன் மோடுக்குப் போய் ஒரே ஒரு பிங் விடுங்கள். கவர் படமாகத் தெரியும் அந்தப் பாக்கெட் எதுவரை போகிறது, எங்கே சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறது என்று மட்டும் எழுதுங்கள்.

கேட்டவர்

கிடைத்துவிட்டது! கவர் ரவுட்டரைத் தாண்டி 20.10 வரை ஒழுங்காகப் போனது. பதில் அனுப்பும் இடத்தில்தான் நின்றது. அந்தக் கணினியைத் திறந்து பார்த்தால் டீஃபால்ட் கேட்வே 192.168.10.1 என்று இருக்கிறது. முதல் கணினிக்கு அடித்ததையே இதற்கும் அடித்திருக்கிறேன். 20.1 ஒரே நெட்வொர்க்கில் இருப்பதால் கேட்வே தப்பாக இருந்தும் அதற்குப் பிங் போயிருக்கிறது. அதனால்தான் ஏமாந்துவிட்டேன்.

பதில் 2

அக்காவாகச் சொல்கிறேன், நீங்கள் மேலே எழுதிய அந்த நாலு வரியை நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நானும் வேதியியல் படித்துவிட்டு அனுபவமே இல்லாமல் வந்தவள்தான். சென்னையில் என்ஓசி (நெட்வொர்க் கண்காணிப்பு மையம்) எல்1 (முதல் நிலை) நேர்முகத்தில் என்னிடம் சான்றிதழைப் பற்றி ஒரு நிமிடம்தான் பேசினார்கள். "ஒரு யூசருக்கு பிரவுசரில் எதுவும் திறக்கவில்லை, என்ன பார்ப்பீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் இருபது நிமிடம் போனது. கேபிள், ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக்குவது) என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். டம்ப்ஸ் படித்தவர் அந்த நாற்காலியில் இரண்டாவது நிமிடமே திணறிவிடுவார். டம்ப்ஸ் பயன்படுத்தியது தெரியவந்தால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்யும். அந்த மையத்தின் பேச்சைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

சிசிஎன்ஏ எழுத முன்அனுபவம் கட்டாயம் இல்லை. ஒரு வருட அனுபவம் என்று சிஸ்கோ சொல்வது பரிந்துரைதான். காம்ப்டியா நெட்வொர்க் பிளஸ் என்ற இன்னொரு சான்றிதழிலும் 9 முதல் 12 மாதம் என்பது அப்படித்தான். நாலு மாதம் ஓடிவிட்டதால் நேராகச் சிசிஎன்ஏவையே எழுதுங்கள், இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டாம். கட்டணமே 300 டாலர், வரி தனி. அதனால் அவசரப்பட்டுத் தேதி போடாதீர்கள். 120 நிமிடத் தேர்வு, ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. 192.168.10.77/27 (/27 என்றால் 32 முகவரி கொண்ட தொகுதி) என்றதும் நெட்வொர்க் முகவரி 64-இல் முடியும், பிராட்காஸ்ட் முகவரி 95-இல் முடியும் என்று பேப்பர் இல்லாமல் வாயில் வர வேண்டும். பாடத்திட்டத்தில் ஐபி கனெக்டிவிட்டிக்கு (ரவுட்டிங் பகுதி) மட்டும் 25 சதவீதம், அங்கேதான் அதிக நாள் செலவழிக்க வேண்டும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அக்கா. சென்னை ரிச்சி தெருவில் பழைய சுவிட்ச் ஒன்று வாங்கலாம் என்று பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். தேவையா?

பதில் 1

இந்தத் தேர்வுக்குப் பாக்கெட் டிரேசர் போதும், அந்தப் பணத்தைக் கட்டணத்துக்கு வையுங்கள். ஒரு கிரிம்பிங் டூல், பத்து ஆர்ஜே45 கனெக்டர், கொஞ்சம் கேபிள் மட்டும் வாங்குங்கள். கம்பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. எட்டு கம்பியையும் விரலால் நீவி நேராக்கி, ஒரே மட்டமாக வெட்டிச் சொருகிப் பழகுங்கள். முதல் நாலைந்து வீணாகும், பரவாயில்லை.

அடுத்த லேப்: இரண்டு ரவுட்டருக்கு நடுவே ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழிகளைப் பகிரும் நெறிமுறை) ஓட விட்டு, ஒரு பக்கம் மட்டும் ஹெலோ டைமரை ('நான் இருக்கிறேன்' என்று சொல்லும் இடைவெளி) 10 வினாடியிலிருந்து 15 ஆக மாற்றுங்கள். 40 வினாடிக்குள் நெய்பர் (பக்கத்து ரவுட்டர்) பட்டியலிலிருந்து காணாமல் போகும். ஏன் என்று இங்கே வந்து எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.