மறு: ‘அட்வர்சேரியல் எக்ஸாம்பிள்’: ஏய்ப்புப் படம் எனலாமா?

> ‘எதிர்மறை எடுத்துக்காட்டு’ வேண்டாம். ‘முரண் எடுத்துக்காட்டு’ என்று வைத்துக்கொள்வோம்.

அண்ணா, வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் ‘அட்வர்சேரியல் எக்ஸாம்பிள்’ என்பதற்கு, அதாவது கணினி நிரலை ஏமாற்றவென்றே மாற்றிய படத்துக்கு, நீங்கள் சொன்ன சொல் பற்றி எழுதுகிறேன். ‘எதிர்மறை’ வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். நாயைக் கண்டுபிடிக்கப் பழகும் நிரலுக்குக் காட்டுகிற பூனைப் படம்தான் எதிர்மறை எடுத்துக்காட்டு. ஆனால் ‘முரண்’ என்ற சொல்லில் செய்தவனின் நோக்கம் தெரியவில்லை.

நேற்று தண்டையார்பேட்டையில் பேருந்துக்காக நின்றபோது எதிரே 40 என்ற வேகப் பலகை. மேல்பாதியில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, மீதியில் துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி. நான்கின் காலும் பூஜ்யத்தின் அடிவளைவும்தான் தெரிந்தன. தானோட்டி வண்டியின் கேமரா அதைத் தப்பாகப் படித்தாலும், ஒட்டியவருக்கு அந்த எண்ணமே கிடையாது. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்தது வேறு. ‘ஸ்டாப்’ பலகையில் கறுப்பு வெள்ளைத் துண்டுகளை இடம் கணக்கிட்டு ஒட்டினார்கள். நமக்கு அது யாரோ எதையோ ஒட்டிய பலகை. அவர்கள் சோதித்த நியூரல் நெட்வொர்க்குக்கோ (படங்களைப் பார்த்துப் பழகிய நிரலுக்கோ) வேக வரம்பு 45! இது தற்செயல் இல்லை, கணக்குப் போட்டு ஏய்ப்பது.

அதனால்தான் ‘ஏய்ப்புப் படம்’ என்கிறேன். பலகையில் ஒட்டும் துண்டு ‘ஏய்ப்பு ஒட்டு’. வரி ஏய்ப்பு நினைவுக்கு வருமே என்பார்கள். வரட்டும், அதுவும் தெரிந்தே செய்வதுதானே.

ஓர் இடத்தில்தான் இடிக்கிறது. ‘அட்வர்சேரியல் ட்ரெயினிங்’கை ‘ஏய்ப்புப் பயிற்சி’ என்றால் ஏமாற்றச் சொல்லித்தருவதுபோல் ஆகிவிடும். உண்மையில் ஏய்ப்புப் படங்களை நாமே உருவாக்கி, சரியான பெயரோடு காட்டி, ஏமாறாமல் இருக்கப் பழக்குகிறோம். ‘ஏய்ப்பெதிர்ப் பயிற்சி’ சரியாக இருக்கும். நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நாக்குப் பிசகவில்லை.

அப்புறம் ‘ரோபஸ்ட்னெஸ்’, அதாவது படம் கொஞ்சம் மாறினாலும் நிரல் பிசகாமல் இருப்பது. ‘உறுதி’ என்றே எழுதி வருகிறோம். 2014இல் ஓர் ஆய்வில், கண்ணுக்குத் தெரியாத அளவு இரைச்சல் (படப் புள்ளிகளில் கணக்கிட்டுச் செய்த நுண்ணிய மாற்றம்) கலந்த பாண்டா படத்தை ஒரு நெட்வொர்க் கிப்பன் குரங்கு என்றது, அதுவும் 99.3 சதவீத நம்பிக்கையோடு. அந்தத் தப்பும் உறுதியாகத்தானே சொல்லப்பட்டது? நமக்கு வேண்டியது ‘தடுமாறாமை’. புழுதி, மழை, சுவரொட்டி, ஏய்ப்பு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

‘ஏய்ப்பெதிர்’ என்பதைவிட எளிய சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பட்டியலில் ஏற்றுமுன் மாற்றிவிடலாம்.