மணற்காற்றில் அறுவை: யோசனை தேவை

கால்நடை மருத்துவ நண்பர்களே, வணக்கம். ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப்பக்கம் நேற்று ஒரு பசுவின் இரைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் பைகளையும் நைலான் வலைத்துண்டையும் எடுத்தேன், தொழுவத்திலேயே. கருவிகளில் குறையில்லை, கிருமி நீங்க நீராவியில் 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம் வைத்தவை. விலாவை மழித்துக் கழுவி, அயோடின் மும்முறை தடவியிருந்தேன். கத்தியை எடுத்ததும் கச்சான் காற்று! அறுவை இடத்தைச் சுற்றி விரித்த கிருமிநீக்கிய பச்சைத் துணியெல்லாம் பொடிமணல். மாட்டைப் பிடித்திருந்த பெரியவர், பாவம், தோள்துண்டால் அதைத் தட்டிவிட்டார்; துண்டு பட்டதில் துணியின் சுத்தமும் போனது. இரைப்பையைத் தைத்தபின் மாற்ற வைத்திருந்த துணியும் கையுறையும் அப்போதே செலவாகிவிட்டன.

தார்ப்பாய் மறைப்புக் கட்டினால் காற்றில் படபடத்து மாடு மிரள்கிறது. தரையில் தண்ணீர் தெளித்தால் மணல் அடங்குமா? ஒட்டும் பிளாஸ்டிக் விரிப்பு மாட்டுத்தோலில் நிற்குமா? கடற்கரை ஊர்களில் பணியாற்றியவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை இன்னொரு மாடு காத்திருக்கிறது.