ஆடாசிட்டியில் படிக்கும்போது தவறினால் அந்த இடத்தைக் காதால் எப்படிப் பிடிப்பது?

ஆறுபுள்ளி:

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பிறவியிலேயே பார்வை கிடையாது. என்னிடம் படித்த பிள்ளைகள் ஏழு பேர் இப்போது குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறார்கள். அவர்களுக்கும் பார்வை இல்லை. என் பிரெயில் குறிப்புகளை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இதுவரை எல்லாம் போனில்தான். நடுவில் நாக்கு பிறழ்ந்தால் முதலிலிருந்து படிக்க வேண்டும். 14 நிமிடப் பாடம் ஒன்றை நான்கு முறை படித்த நாளும் உண்டு.

போன மாதம் லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் போட்டுக்கொண்டேன். விண்டோஸ் 11, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ. கற்றுக்கொள்ளலாம் என்று வீடியோக்களைத் திறந்தால், எல்லோரும் திரையில் சத்தத்தைக் காட்டும் கோட்டைச் சுட்டி, "இதோ இங்கே அலை பெரிசா தெரியுது பாருங்க, இதை மவுஸால இழுத்துப் பிடிச்சு டிலீட் கொடுங்க" என்கிறார்கள். எங்கே தெரிகிறது? எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் தப்பாகப் படித்த வாக்கியம் மட்டும்தான். அது 6ஆவது நிமிடமா 7ஆவது நிமிடமா என்பதுகூடத் தெரியாது.

இன்னொரு தொல்லை. அரசமைப்பின் 14ஆவது உறுப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். "சட்டத்தின் முன் அனைவரும்" என்று சொல்லும்போது கரண்ட் போய்விட்டது. உடனே என்விடிஏ, சார்ஜர் இணைப்பு இல்லை என்று தன் பங்குக்கு அறிவித்தது. அதுவும் பதிவில் ஏறிவிட்டது. பிள்ளைகள் இன்றுவரை கேலி செய்கிறார்கள்.

மூன்றாவது, யாரோ சொன்ன ஷார்ட்கட்டுகளில் பாதி எனக்கு வேலையே செய்யவில்லை. கமா அழுத்தினால் பின்னால் போகும் என்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நான் என்ன தப்பு செய்கிறேன்?

ஒலிக்கூடம்:

மேடம், ரொம்பச் சுலபம். தவறு வந்ததும் நிறுத்தாமல் ஒரு முறை பலமாகக் கை தட்டிவிட்டு, வாக்கியத்தை மறுபடி படியுங்கள். முடித்தபின் பார்த்தால் கை தட்டிய இடத்தில் அலை கூர்மையாக மேலே எழுந்து நிற்கும். அங்கே வெட்டினால் போதும். எங்கள் ஸ்டுடியோவில் இப்படித்தான் செய்கிறோம்.

ஆறுபுள்ளி:

நன்றி சார். கை தட்டினால் மேடு எழும், சரி. அந்த மேட்டைப் பார்க்க நான் யாரைக் கூப்பிடுவது?

ஒலிக்கூடம்:

மன்னிக்கணும் மேடம். முதல் வரியைச் சரியாகப் படிக்காமல் எழுதிவிட்டேன்.

காதுவழி:

டீச்சர், வணக்கம். நானும் உங்களை மாதிரிதான், பார்வை இல்லை. பதினோரு வருடமாக ஆடாசிட்டியில் புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிறேன். உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதைச் சரி செய்யாமல் மற்றது எதுவும் நடக்காது.

ஆடாசிட்டியைப் புதிதாகப் போட்டால் எல்லா ஷார்ட்கட்டுகளும் இயங்கா. ஸ்டாண்டர்ட், ஃபுல் என்று இரண்டு தொகுப்பு உண்டு. வருவது ஸ்டாண்டர்ட். மவுஸ் பிடிக்காத நமக்கு வேண்டிய பல கட்டளைகள் ஃபுல்லில்தான் இருக்கின்றன. கண்ட்ரோல் பி (P) அழுத்தி பிரிஃபரன்சஸ் போங்கள், இடப்பக்கப் பட்டியலில் ஷார்ட்கட்ஸ் பக்கத்துக்கு வாருங்கள், டேப் அடித்து டீஃபால்ட்ஸ் பொத்தானைப் பிடித்து ஃபுல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்களாக ஏதாவது கீயை மாற்றி வைத்திருந்தால் அது போய்விடும், அதனால் இதை முதலில் செய்துவிடுங்கள். நானே இது தெரியாமல் இரண்டு மாதம் ஆடாசிட்டியைத் திட்டிக்கொண்டிருந்தவன்.

இப்போது முக்கியமான விஷயம். முழுப் பாடத்தையும் படித்து முடித்துவிட்டுத் தவறுகளைத் தேடுவது கண் உள்ளவர்கள் வேலைமுறை. அலை தெரிகிறது, தேடுகிறார்கள். நமக்கு அந்த முறையே வேண்டாம். தவறு நடந்த நிமிடமே சரி செய்துவிட்டு மேலே போக வேண்டும். அதற்கு பஞ்ச் அண்ட் ரோல் என்று ஒரு வசதி இருக்கிறது. 2018இல் 2.3 பதிப்பில் வந்தது. எனக்கு ஆடாசிட்டியே அதற்குப் பிறகுதான் உருப்படியானது.

செய்முறை இதுதான். ஆர் அழுத்திப் படிக்கிறீர்கள். தவறிவிட்டது. ஸ்பேஸ் அடித்து நிறுத்துங்கள். கே அழுத்தினால் கர்சர் டிராக்கின், அதாவது பதிந்த ஒலித்தடத்தின், கடைசிக்குப் போகும். கமாவை ஒரு முறை தட்டினால் ஒரு நொடி பின்னால் வரும். எட்டு, பத்து முறை தட்டுங்கள். பிறகு எக்ஸ் அழுத்திக் கேளுங்கள். நல்லபடியாகப் படித்த கடைசி வாக்கியம் முடிந்து மூச்சு விடும் இடம் வருமே, அங்கே இன்னொரு முறை எக்ஸ். ஸ்பேஸ் வேண்டாம். ஸ்பேஸால் நிறுத்தினால் கர்சர் கேட்க ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிவிடும். எக்ஸ் மட்டும்தான் நிறுத்திய இடத்திலேயே கர்சரை வைக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ பேர் தடுமாறுகிறார்கள்.

இப்போது ஷிப்ட் டி (D). ஐந்து நொடி உங்கள் குரலையே உங்களுக்குப் போட்டுக் காட்டும். அந்த வேகத்தையும் தொனியையும் பிடித்துக்கொண்டு கூடவே மனசுக்குள் படித்து வாருங்கள். கர்சர் இருந்த இடம் வந்ததும் அதுவாகவே பதிய ஆரம்பித்துவிடும். நீங்கள் அடுத்த வாக்கியத்தை எடுத்தால் ஒட்டு தெரியாது. ஐந்து நொடி அதிகம் என்றால் பிரிஃபரன்சஸில் ரெக்கார்டிங் பக்கத்தில் குறைக்கலாம். நான் மூன்று வைத்திருக்கிறேன்.

நீங்கள் பிரெயில் படிப்பவர். இடது விரல் வரியிலேயே இருக்கட்டும், கீபோர்டை வலது கைக்கு விடுங்கள். ஷிப்ட் டி ஒரு கைக்கு எட்டாது. அதனால் அந்த ஷார்ட்கட்ஸ் பக்கத்திலேயே பஞ்ச் அண்ட் ரோலை வேறு கீக்கு மாற்றிக்கொள்ளலாம். என்னுடையது எஃப்9.

என்விடிஏ குரல் உள்ளே வந்த கதைக்கு: ஹெட்போன் போட்டீர்களா, ஸ்பீக்கரிலா? ஹெட்போன் போட்டு ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். குரல் வரவில்லை என்றால், ஸ்பீக்கர் சத்தம் காற்றுவழியே மைக்குக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஹெட்போன் போட்டும் தெளிவாக வருகிறது என்றால், பதியும் சாதனமாக மைக்குக்குப் பதில் ஸ்டீரியோ மிக்ஸ் மாதிரி ஏதோ தேர்வாகியிருக்கிறது. கணினியில் ஓடும் எல்லாச் சத்தத்தையும் அது வாரிக்கொள்ளும். ஷிப்ட் ஐ அழுத்தினால் சாதனப் பட்டியல் வரும், மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.

வயர் வைத்த ஹெட்போனாகப் பாருங்கள். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கை இயக்கினால் குரல் பழைய லேண்ட்லைன் போன் தரத்துக்கு இறங்கிவிடும்.

நெல்லைச்சீமை:

அக்கா, அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கொஞ்சம் பழகிவிட்டால் ரீப்பர் என்ற இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளுக்கு மாறிவிடுங்கள் என்பேன். அதற்கு ஒசாரா என்று ஓர் இலவச நீட்சி இருக்கிறது. அதைப் போட்டால் நீங்கள் செய்வது ஒவ்வொன்றையும் என்விடிஏ வாய்விட்டுச் சொல்லும்: எந்த டிராக், எத்தனையாவது நொடி, என்ன வெட்டினீர்கள் என்று. எஃப்12 அழுத்திவிட்டு எந்தக் கீயைத் தட்டினாலும் அது என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும், செய்யாது. கற்றுக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்? ஒசாராவை ஆரம்பித்தவர் ஜேம்ஸ் டே. மைக்கேல் கர்ரனோடு சேர்ந்து என்விடிஏவை வளர்த்த அதே ஆஸ்திரேலியர். ரீப்பர் 60 நாள் இலவசமாக ஓடும், அதற்குப் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர்.

காதுவழி:

தம்பி, ரீப்பர் நல்லதுதான், மறுக்கவில்லை. பாட்டுக்கு நாலைந்து டிராக் போட்டு மிக்ஸ் செய்கிறவர்களுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஒரே குரல், ஒரே டிராக், வாசிப்பு. இதற்கு எதற்கு அவ்வளவு பெரிய வண்டி? டீச்சர் முதலில் ஒரு பாடத்தை முடித்து அனுப்பட்டும்.

ஆறுபுள்ளி:

அண்ணா, நேற்று இரவு முயன்றேன். ஃபுல் போட்டதும் கமா வேலை செய்கிறது! ஸ்பேஸுக்கும் எக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இத்தனை நாள் அதில்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு பெரிய விபத்து. 11 நிமிடம் தடங்கல் இல்லாமல் படித்து முடித்துவிட்டு, ஆற அமரக் கேட்டபோது 3ஆவது நிமிடத்தில் ஒரு வருடத்தைத் தப்பாகச் சொல்லியிருப்பது தெரிந்தது. அங்கே கர்சரை வைத்து ஷிப்ட் டி போட்டு, சரியாகச் சொல்லி நிறுத்தினேன். அதற்குப் பிறகு இருந்த எட்டு நிமிடமும் காணவில்லை. கண்ட்ரோல் இசட் அடித்ததும் திரும்பி வந்தது. அதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது.

காதுவழி:

அடடா, அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. பஞ்ச் அண்ட் ரோல் கர்சருக்கு வலப்பக்கம் இருப்பதை அழித்துவிட்டுத்தான் பதியும். படித்துக்கொண்டிருக்கும்போது அது நல்லது, ஏனென்றால் வலப்பக்கம் இருப்பது தவறான வாக்கியம் மட்டுமே. முடித்த பாடத்தின் நடுவில் தொடவே கூடாது.

நடுவில் திருத்த வேறு வழி. அந்த இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து ஸ்பேஸ் அடித்து ஓடவிடுங்கள். தவறு தொடங்கும்போது இடது சதுர அடைப்புக்குறி, முடியும்போது வலது சதுர அடைப்புக்குறி. ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டலாம். அந்தத் துண்டு தேர்வாகிவிடும். நிறுத்திவிட்டு சி அழுத்துங்கள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் எப்படி ஒலிக்கும் என்று முன்னும் பின்னும் ஒட்டிப் போட்டுக் காட்டும், அழிக்காது. காதுக்குச் சரியாகப் பட்டால் டிலீட். சரியான வருடத்தைச் சேர்க்க, ஷிப்ட் ஆர் அழுத்திப் புது டிராக்கில் அந்த வாக்கியத்தை மட்டும் பதிந்து, வெட்டிக்கொண்டுவந்து ஒட்டுங்கள். நடுவில் ஒரே ஒரு வருடத்தை மட்டும் செருகப் பார்க்காதீர்கள், தொனி மாறித் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வாக்கியம் முழுவதையும் மாற்றுங்கள்.

இன்னொன்று. என்விடிஏ பேசும்போது உங்கள் பதிவின் சத்தம் அமுங்கிப் போகிறதா? என்விடிஏ கீயோடு ஷிப்ட் டி (D) அழுத்தி அந்த அமுக்கலை நிறுத்திவிடுங்கள். 2024.2 பதிப்பிலிருந்து என்விடிஏ கீயோடு ஆல்ட் எஸ் அழுத்தினால் என்விடிஏ ஒரு காதிலும் மற்றச் சத்தமெல்லாம் மறு காதிலும் வரும். வெட்டும் வேலைக்கு அது சொர்க்கம்.

ஆறுபுள்ளி:

இரண்டு காது விஷயம் அற்புதம் அண்ணா. என்விடிஏ இடது காதில் முணுமுணுக்கிறது, வலது காதில் நான் பாடம் எடுக்கிறேன்.

சத்தத்தின் அளவு எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு பையன் "டீச்சர், சில இடத்துல கரகரன்னு உடையுது" என்கிறான். மீட்டர் சிவப்பாகும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். சிவப்பு!

காதுவழி:

இதற்கு நான் பல வருடமாகச் செய்யும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பாடத்தில் நீங்கள் அதிகம் குரல் உயர்த்தும் பத்தியை அரை நிமிடம் படித்துப் பதியுங்கள். கண்ட்ரோல் ஏ. எஃபெக்ட் மெனுவில் ஆம்ப்ளிஃபை திறங்கள். திறந்ததும் ஓர் எண் இருக்கும், என்விடிஏ படிக்கும். உச்சத்தைத் தொட இன்னும் எத்தனை டெசிபல் பாக்கி இருக்கிறது என்பதுதான் அந்த எண். 6 முதல் 9 வரை வந்தால் நல்லது. 0 அல்லது அதை ஒட்டி வந்தால் உடைகிறது, மைக் அளவைக் குறையுங்கள் அல்லது வாயைத் தள்ளி வையுங்கள். 20 என்றால் ரொம்பத் தணிவு. எண்ணைக் கேட்டதும் எஸ்கேப் அடித்து வெளியே வாருங்கள், எதையும் செயல்படுத்த வேண்டாம்.

உடைந்துபோன பதிவை எந்த எஃபெக்ட்டும் சரிக்கட்டாது. அந்தப் பையன் சொன்ன பாடத்தை மறுபடி படித்துவிடுவதுதான் மரியாதை.

ஆறுபுள்ளி:

எனக்கு 0.2 என்று வந்தது! மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தேன், 7.1 ஆனது.

கடைசியாக ஒன்று. இப்போது ஹெட்போனில் கேட்கும்போதுதான் தெரிகிறது, பாடம் முழுக்கப் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். ஃபேன் என்று நினைத்து நிறுத்திப் பார்த்தேன், போகவில்லை. பிறகு புரிந்தது, அது என் விரல். பிரெயில் தாளில் ஓடும் சத்தம். நாய்ஸ் ரிடக்‌ஷன் போடலாமா?

காதுவழி:

போடாதீர்கள். ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குத்தான் அது. விரல் ஒவ்வொரு வரிக்கும் போய்த் திரும்புகிறது, அதை எடுக்கப் போனால் உங்கள் ச, ஷ, ஸ எல்லாம் தண்ணீருக்குள் பேசுவது போல் ஆகிவிடும். மைக்கும் புத்தகமும் ஒரே மேசையில்தானே இருக்கின்றன? சத்தம் பாதிக்கு மேல் மரத்தின் வழியே ஏறுகிறது. புத்தகத்தை மடியில் வையுங்கள். மடி ஒத்து வராவிட்டால் அடியில் துவாலையை நாலாக மடித்துப் போடுங்கள். பக்கம் திருப்பும்போது பி (P) அழுத்தினால் பதிவு நிற்கும், திருப்பியதும் இன்னொரு பி.

ஆறுபுள்ளி:

மடியில் வைத்துப் படித்தேன். விரல் சத்தம் கிட்டத்தட்ட இல்லை. 14ஆவது உறுப்பை மறுபடி பதிந்து மோனோ எம்பி3யாக, 64 கேபிபிஎஸ்ஸில் எடுத்தேன். முன்பு 14 நிமிடமாக இருந்த பாடம் 13 நிமிடம், 6 எம்பிதான் வந்தது. இன்று காலை பிள்ளைகளுக்கு அனுப்பினேன். முதலில் வந்த பதில்: "டீச்சர், சார்ஜர் வசனம் எங்கே?"