ரிஃப்யூஸ், டினை, ரிஜெக்ட், டிக்ளைன்: விளக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த நான்கு சொற்களுக்கும் தமிழில் 'மறுத்தார்' என்றே எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

டிக்ளைன் பிரச்சினை இல்லை. அழைப்பையோ பரிசையோ மரியாதையாக வேண்டாம் என்பது. 1964-இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் நோபல் பரிசை வாங்க மறுத்ததை உதாரணமாகச் சொன்னேன், பிடித்துக்கொண்டார்கள். ரிஜெக்ட் என்றால் பார்த்து, எடைபோட்டு, தள்ளிவிடுவது. அதன்பின் 'டு' போட்டு வினைச்சொல் வராது. 'ரிஃப்யூஸ்ட் டு கோ' சரி, 'ரிஜெக்டட் டு கோ' தப்பு. இதுவும் ஓரளவு பதிந்துவிட்டது.

படுத்துவது டினைதான். 'ஹி டினைட் ஸ்டீலிங்' என்றால் திருடவில்லை என்றார். 'ஹி ரிஃப்யூஸ்ட் டு ஸ்டீல்' என்றால் திருட மாட்டேன் என்றார். தமிழில் இரண்டையும் 'திருட மறுத்தார்' என்று எழுதி வைக்கிறார்கள். முதல் ஆள் பாவம், திருடியே இருக்கலாம்!

சரி, இதைக்கூடச் சமாளித்துவிடலாம். 'பெயில் (ஜாமீன்) டினைட்', 'பெயில் ரிஃப்யூஸ்ட்' இரண்டையும் செய்தித்தாளில் பார்த்த ஒரு மாணவி, என்ன வித்தியாசம் என்று கேட்கிறாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. நீதிமன்ற ஆங்கிலம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். அப்புறம், ரிஃப்யூட் என்றால் ஆதாரம் காட்டிப் பொய்யென்று நிரூபிப்பது என்று படித்தேன். ஆனால் செய்திகளில் வெறும் மறுப்புக்கும் அதையே போடுகிறார்கள். தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் போகுமா? திருத்தும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் பதில் போடுங்கள்.