கவுன்சலிங் செஷன் முடிந்து கிளம்பும்போது க்ளையன்ட் கட்டியணைக்க வந்தால்?

நீலத்தும்பி:
கதவருகே வந்ததும் சட்டென்று அணைக்க வருகிறார். விலகினால் மனம் நோகும். அணைத்தால் எல்லை மீறலா? அந்த இரண்டு நொடியில் என்ன செய்வது? செஷன் குறிப்பில் என்ன எழுதுவது?

இடைவெளி:
அணைப்பு என்றாலே மீறல் இல்லை. குத்தைல், கேபார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர்கள் இருவரும் 1993இல் எழுதிய கட்டுரையில் எல்லை தாண்டலையும் எல்லை மீறலையும் பிரித்தார்கள் (தமிழில் ஒன்றுபோலத்தான் ஒலிக்கிறது). தாண்டலைப் பற்றி க்ளையன்டிடமே பேச முடியும், அவருக்குக் கேடும் இல்லை. மீறல் சுரண்டல்.

கதவருகில் பின்னால் நகராதீர்கள். அதுதான் சுருக்கென்று படும். நின்ற இடத்திலேயே கையை நீட்டி, "இன்னைக்குக் கஷ்டமான விஷயம் பேசியிருக்கீங்க. அடுத்த தடவை இதிலிருந்தே தொடங்கலாம்" என்றால் போதும். அதற்குள் அணைத்துவிட்டாரா? ஓரிரு நொடி, பக்கவாட்டில். முதுகைத் தடவ வேண்டாம், நீங்களாக நீட்டிக்கவும் வேண்டாம். அடுத்த செஷனில் முதல் பத்து நிமிடத்துக்குள் அந்தப் பேச்சை எடுங்கள். கடைசியில் எடுத்தால் மறுபடி கதவருகில்தான் போய் முடியும். "ஏன் கட்டிப்பிடிச்சீங்க?" என்பது விசாரணை. "அந்த நேரத்துல என்ன தேவைப்பட்டுச்சு?" என்று கேளுங்கள்.

சாம்பல்குருவி:
சம்மதம் பற்றி ஒன்று. "கையைப் பிடிக்கலாமா?" என்றதும் வரும் "ம்" சம்மதம் ஆகிவிடாது. சிறுவயதில் வன்முறைக்கு ஆளானவர்களில் பலர் மறுக்கத் தெரியாமல் தலையாட்டப் பழகியவர்கள். மூச்சு நிற்கிறதா, தோள் இறுகுகிறதா, பார்வை நிலைகுத்துகிறதா என்று பாருங்கள். அழும்போது தொட்டதும் அழுகை நின்றால் அது ஆறுதல் என்று நினைத்துவிட வேண்டாம். "போதும், நிறுத்து" என்று அவர் காதில் விழுந்திருக்கலாம். டிஷ்யூ பெட்டியை அவசரமாக நீட்டுவதும் அதே கதை. கைக்கெட்டும் தூரத்தில் முன்பே வைத்துவிடுங்கள்.

தொடாமலே செய்ய வழி இருக்கிறது. பதறுபவரிடம் இரு பாதங்களையும் தரையில் அழுத்தச் சொல்லலாம். இ.எம்.டி.ஆரில் (கண் அசைவோ மாறி மாறித் தட்டுவதோ கொண்டு அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் சிகிச்சை முறை) நீங்கள் தட்டுவதற்குப் பதில், அவரே கைகளை மார்பின் குறுக்கே வைத்து மாறி மாறித் தட்டிக்கொள்ளும் பட்டாம்பூச்சி அணைப்பு உண்டு.

நீலத்தும்பி:
குறிப்பு?

இடைவெளி:
அன்றே எழுதுங்கள்: யார் தொடங்கியது, எவ்வளவு நேரம், நீங்கள் சொன்னது, ஏற்றதற்கோ மறுத்ததற்கோ காரணம், அவர் எப்படி எடுத்துக்கொண்டார். "தகுந்த ஆதரவு அளிக்கப்பட்டது" என்பது எழுதாததற்குச் சமம். உங்களுக்குள் எழுந்த இதம், எரிச்சல் எல்லாம் சூப்பர்வைசரிடம் (உங்கள் வேலையை வழிநடத்தும் மூத்த சிகிச்சையாளர்) போகட்டும். அவர் கேட்கக்கூடியது: இதே அணைப்பை வேறு வயது, வேறு பாலின க்ளையன்டுக்கும் அனுமதிப்பீர்களா?

ஆறாம்விரல்:
மேலே சொன்ன எதுவும் பாலியல் தொடுகைக்குப் பொருந்தாது. அது க்ளையன்டே கேட்டாலும் கிடையாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையில் சிகிச்சை முடிந்த பின்னும் குறைந்தது 2 ஆண்டுத் தடை. அமெரிக்க கவுன்சலிங் சங்கத்தில் 5 ஆண்டு. 2 ஆண்டு போனால் சரி என்று வாசிப்பது தவறு: அதன் பிறகும் மிக அரிதான சூழலில்தான், அதுவும் சுரண்டல் இல்லை என்று காட்டும் பொறுப்பு சிகிச்சையாளர் தலையில்.

தொடுகை பற்றிய உங்கள் வழக்கத்தை முதல் செஷனின் ஒப்புதல் படிவத்திலேயே இரண்டு வரி சேர்த்து, வாயாலும் சொல்லிவிடுங்கள். கதவருகில் சொல்வதைவிட அங்கே சொல்வது எளிது.